வாரத்தில் ஒருநாள் ஓடும் காரும் இறங்கிப்போகும் பற்றரியும்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். எங்களிடம் 1000 சீ.சீ. ஜப்பான் கார் ஒன்று உள்ளது, ஓட்டோ கியர். பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போய்வருவதால் காரை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே எடுக்கிறேன். பற்றரி மாற்றி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதன்மேல் 40பி19எல் என்று இருக்கிறது. கடந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் வானிலிருந்து வயர் போட்டு எழுப்பித் தந்தார். கராஜில் பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். என் தம்பியோ 2000 அம்பியர், 10,000 மில்லி அம்பியர்-மணி என்று போட்ட, பற்றரி இறங்கிய காரை எழுப்பும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைக் காட்டி, இதை வாங்கினால் போதும் என்கிறான். வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் காரின் கம்பியூட்டர் பழுதாகும் என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். கணவர் போன விடுமுறையில் பூட்டிய டாஷ்கேமின் விளக்கு, திறப்பை எடுத்த பிறகும் எரிவதைத் தவிர காரில் வேறு குறை தெரியவில்லை. டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுடன் பதுளைக்குப் போக வேண்டும். ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கலாமா? ஓடாத நாட்களில் பற்றரி வயரைக் கழற்றி வைக்கலாமா?

பதில்: மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்த டாஷ்கேம் விளக்கில்தான் என் கண் முதலில் நின்றது. திறப்பை எடுத்த பிறகும் அது எரிகிறதென்றால், திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் வரும் வயரில் அல்லாமல், எந்நேரமும் மின் இருக்கும் வயரில் அந்தக் கமராவை இணைத்திருக்கிறார்கள். காரை நிறுத்திய பிறகும் காவல் பார்க்கும் கமரா பொதுவாக 200 முதல் 300 மில்லி அம்பியர் வரை இழுக்கும். 250 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 அம்பியர்-மணி (ஓர் அம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் ஓர் அம்பியர்-மணி) போகிறது. ஆறு நாளில் 36. உங்கள் பற்றரியின் மொத்தக் கொள்ளளவே சுமார் 35 அம்பியர்-மணிதான். ஒவ்வொரு ஞாயிறும் கார் நின்றுவிடாமல் மூன்று தடவையோடு தப்பியது ஏனென்றால், பல கமராக்கள் அசைவு எதுவும் இல்லாத வேளையில் குறைவாக எடுக்கின்றன; வோல்ட் இறங்கியதும் சில தாமாகவே அணைந்தும் விடுகின்றன.

கமரா இல்லாவிட்டாலும் நிறுத்திய கார் முற்றாக உறங்குவதில்லை. மணிக்கூடு, அலாரம், கம்பியூட்டரின் நினைவகம் ஆகியவற்றுக்குச் சிறிதளவு மின் போய்க்கொண்டே இருக்கும். அது 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் வழமையானதே, நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி, ஒரு வாரத்துக்கு எட்டரைக்கு உள்ளே. நல்ல பற்றரி இதைத் தாங்கி ஞாயிறு காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

அடிக்கடி ஸ்டார்ட் செய்வதால்தான் பற்றரி தீர்கிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு; கணக்குப் பார்த்தால் அது அப்படியில்லை. உங்களுடையதைப் போன்ற சிறிய இயந்திரத்தைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறத்தாழ 150 அம்பியர் எடுத்தாலும் இரண்டு செக்கனில் வேலை முடிந்துவிடுவதால், செலவாவது 0.1 அம்பியர்-மணிக்கும் குறைவு. இயந்திரம் ஓடும்போது மின் உண்டாக்கும் ஓல்ட்டர்னேட்டர் அதைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால், நின்ற நாட்களில் கசிந்துபோன 20, 30 அம்பியர்-மணியைக் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓடும் பத்து நிமிடத்தில், அதுவும் ஏசியும் போட்டுக்கொண்டு, நிரப்பவே முடியாது. ஈய-அமில பற்றரி நிரம்ப நிரம்ப மின்னை உள்ளெடுக்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். கடைசி ஐந்திலொரு பங்கை நிரப்ப மட்டும் பல மணிநேரம் தேவை. பக்கத்து வீட்டு அண்ணன் கார் எழும்பும் அளவுக்கு உதவினார். பற்றரி வெறுமையாக இருந்த நிலை அப்படியேதான் தொடர்ந்தது. வெறுமையாகக் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து, நாளாக ஆக இறுகி, பிறகு சார்ஜ் செய்தாலும் கரையாத நிலைக்கு வந்துவிடும். ஸ்டார்ட்டர் பற்றரிகளின் தகடுகள் மெல்லியவை. அடியோடு இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவை கொஞ்சம் ஆயுளை இழக்கின்றன.

ஆகவே கராஜ்காரர் சொன்னது முழுப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்; பற்றரி ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கக் கூடும். ஆனால் இறங்கிப்போன நிலையில் வைத்துச் சோதித்துவிட்டு மாற்றச் சொல்வது முறையல்ல. முதலில் மெதுவாக முழுச் சார்ஜ் ஏற்றி, சில மணிநேரம் ஆறவிட்டு, அதன்பிறகே சுமைச் சோதனை செய்ய வேண்டும். ஒன்றரை வருடம் என்பதால் உத்தரவாத அட்டையையும் தேடி எடுங்கள். காலம் முடியாமல் இருக்கலாம். கமராவை அப்படியே விட்டுப் புதிய பற்றரி போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும் என்பதையும் கராஜில் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீற்றர் ஒன்றை மின்சாதனக் கடையில் வாங்கி, டீசீ வோல்ட் பக்கம் 20 என்ற அளவில் வையுங்கள். கார் ஓர் இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் பொனட்டைத் திறந்து, சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது 12.7 காட்டினால் பற்றரி நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். முக்கால் வோல்ட் வித்தியாசத்துக்குள் முழுப் பற்றரியும் அடங்கிவிடுவதால், "பன்னிரண்டு காட்டுதே, பற்றரி நல்லம்தானே" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பிறகு இன்னொருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு எண்ணைக் கவனியுங்கள்: இயந்திரம் சுழலும் அந்த ஓரிரு செக்கனில் அது 9.6க்குக் கீழே விழக் கூடாது. ஓடத் தொடங்கியதும் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். எரிபொருளைச் சேமிப்பதற்காகச் சில ஜப்பான் கார்கள் இடையிடையே சார்ஜைக் குறைத்துவிடுவதுண்டு. எண் குறைவாகத் தெரிந்தால் ஹெட்லைட்டைப் போட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் 13.3க்கு மேல் ஏறாவிட்டால் ஓல்ட்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் அதன் ரெகுலேட்டர் பழுது, பற்றரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

மீற்றரை வைக்கும்போதே முனைகளையும் உற்றுப் பாருங்கள். நம் கரையோரத்தில், கல்லாற்றிலும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் கடற்காற்றில் நிற்கும் கார்களில், பிளஸ் முனையின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். முனையைக் கௌவி நிற்கும் வயர்க் கிளம்பைக் கையால் திருகினால் அசையும். மீற்றரின் முனையை ஈயக் குமிழில் வைத்தால் 12.6, அதைச் சுற்றியுள்ள கிளம்பில் வைத்துத் திறப்பைத் திருப்பினால் 8 என்று காட்டும். அந்தக் காரில் பற்றரிக்குக் குறையே இல்லை, இடையிலுள்ள உப்புத்தான் கரண்டை மறிக்கிறது. இரண்டு கிளம்பையும் கழற்றி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக்கொண்டு கழன்றுவரும். பற்றரியின் மூடித் துவாரங்களுக்குள் மட்டும் அது போகக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, முனையை மண்தாளால் மெல்லத் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே சிறிது வசலின் பூசிவிடுங்கள். திறக்கக்கூடிய மூடியுள்ள பற்றரியானால் உள்ளே தகடுகள் மூழ்கும்படி நீர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. உப்பும் குளோரைட்டும் கலந்த நம்முடைய கிணற்று நீர் தகடுகளை அரித்துவிடும்.

ஒன்றரை வருடத்தில் பற்றரி சோர்வதற்கு நம் வெயிலுக்கும் பங்குண்டு. வெப்பநிலை 10 பாகை கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பற்றரித் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குளிர் நாட்டில் நான்கைந்து வருடம் ஓடும் பற்றரி இங்கே மூன்று வருடம் ஓடினால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். கச்சான் காற்றுக் காலத்தில் அடிவாங்கிய பற்றரி பெரும்பாலும் அப்போது காட்டிக்கொடுக்காது. மார்கழி மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் கண்ணாடிச் சூடாக்கியும் ஒன்றாக இயங்கும் நாட்களில்தான் படுக்கும். நீங்கள் பதுளைக்குப் புறப்படுவதும் அதே பருவத்தில்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் வீட்டு முற்றங்களில் வாரக்கணக்கில் கார்கள் நின்றபோது, அதுவரை எந்தக் குறையும் இல்லாத பற்றரிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அவற்றில் பெரும்பாலானவை, யாராவது மைனஸ் வயரை மட்டும் கழற்றி வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

இனித் தம்பி காட்டிய ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு வருகிறேன். அதற்குள் இருப்பது கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்ற லித்தியம் கலங்கள். 10,000 மில்லி அம்பியர்-மணி என்பது ஒரு கலத்தின் 3.7 வோல்ட் கணக்கில் சொல்லப்படுவது. சக்தியாக மாற்றினால் 37 வாட்-மணி. உங்கள் கார்ப் பற்றரியிலோ 420 வாட்-மணி இருக்கிறது. பத்திலொரு பங்கும் இல்லாத இந்தப் பெட்டி எந்தக் காலத்திலும் கார்ப் பற்றரியை நிரப்பப் போவதில்லை. இயந்திரத்தைச் சுழற்றும் சில செக்கன்களுக்கு மட்டுமே தோள் கொடுக்கும். 2000 அம்பியர் என்ற எண்ணையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டில் 2000 அம்பியர் என்பது 24 கிலோவாட். 37 வாட்-மணி அதற்கு ஆறு செக்கன்கூடத் தாக்குப்பிடிக்காது, அந்த மெல்லிய வயரும் தாங்காது. பெட்டியில் அச்சிடும் 'உச்ச அம்பியர்' எல்லாக் கம்பனியும் ஒரே முறையில் அளந்து போடும் அளவு அல்ல. உங்கள் காருக்கு உண்மையான 200 அம்பியர் கிடைத்தாலே தாராளம்.

ஆகவே வாங்கும்போது அம்பியரைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம். வாட்-மணி எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, கிளிப்புகளின் வயர் தடித்துக் குட்டையாக இருக்கிறதா, பிளஸையும் மைனஸையும் மாற்றிக் கௌவினால் எச்சரித்து மின்னைத் தடுக்கும் வசதி இருக்கிறதா, உள்ளூரில் உத்தரவாதம் தருகிறார்களா என்று பாருங்கள். லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை கிடைத்தால் வெப்பத்துக்குச் சற்றுப் பாதுகாப்பானது. கலமே இல்லாமல், இறங்கிய பற்றரியில் மிஞ்சியிருக்கும் மின்னையே உறிஞ்சிச் சேர்த்து ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்கும் சுப்பர்-கப்பாசிட்டர் வகையும் இருக்கிறது. வெயிலை அது லித்தியத்தைவிட நன்றாகத் தாங்கும்; ஆனால் விலை கூடியது, உங்கள் தேவைக்கு அவசியமும் இல்லை.

எதை வாங்கினாலும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவைக்காதீர்கள். நண்பகலில் வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் வெப்பம் 60 பாகையை எட்டும். லித்தியம் கலம் அதில் உப்பிப்போகும், தீப்பிடிக்கவும் கூடும். உப்பிய பெட்டியை மீண்டும் சார்ஜ் செய்யவோ பயன்படுத்தவோ கூடாது. உங்கள் கார் நின்றுபோவது வீட்டு வாசலில்தான் என்பதால் பெட்டியும் வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள், பயணத்தன்று கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். செங்கலடி–பதுளை வீதியில் புல்லுமலைக்கும் மகாஓயாவுக்கும் இடையில் அந்திப்பொழுதில் கார் நின்றுபோனால், யானை நடமாடும் இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க முடியாது. ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் இதை வாங்கலாம் என்கிறேன்.

கம்பியூட்டர் பழுதாகும் என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. 12 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்குச் சரியான முறையில் இணைத்தால் எதுவும் ஆகாது. பிளஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டால் பிரதான பியூஸும் ஓல்ட்டர்னேட்டரின் டயோட்டுகளும், சில வேளை கம்பியூட்டரும் போகும். அவசரத்துக்கு நெல் ஏற்றும் பெரிய லொறியிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ வயர் இழுத்தால் அவை 24 வோல்ட், உங்கள் காருக்கு எமன். ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பற்றரி இயந்திரத்தைச் சுழற்றுவதற்கானது அல்ல, ஆகவே அதிலிருந்தும் எடுக்க வேண்டாம். எல்லாவற்றிலும் மோசமான பழக்கம், ஓல்ட்டர்னேட்டர் நல்லதா என்று பார்ப்பதற்காக, ஓடும் இயந்திரத்தில் பற்றரி வயரைக் கழற்றுவதுதான். கம்பியூட்டர் இல்லாத பழைய வாகனங்களோடு வந்த வழக்கம் அது. இன்றைய காரில் கழற்றிய கணமே மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். யாராவது உங்கள் காரில் அதைச் செய்ய வந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

இணைக்கும் முறை இதுதான். ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, கியரைப் 'பார்க்'கில் வைத்து, பெட்டியில் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கிளிப்பை முதலில் பற்றரியின் பிளஸில் கௌவ விடுங்கள். கறுப்பைப் பற்றரியின் மைனஸில் போடாமல், சற்றுத் தள்ளி இயந்திரத்தின் நிறம் பூசாத தடித்த உலோகத்தில் போடுங்கள். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 வீதம் கலந்தாலே ஒரு பொறி போதும் வெடிக்க. கிளிப்பின் பச்சை விளக்கு எரிந்த பிறகு மூன்று செக்கனுக்கு மேல் போகாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். வராவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். நான்கைந்து தடவையில் வராவிட்டால் குறை வேறிடத்தில் இருக்கிறது. இயந்திரம் ஓடியதும் அரை நிமிடத்துக்குள் கறுப்பை முதலிலும் சிவப்பை அடுத்தும் கழற்றிவிடுங்கள். அண்ணனின் வானிலிருந்து வயர் இழுக்கும்போதும் கடைசிக் கறுப்பு உங்கள் இயந்திரத்தின் உலோகத்தில்தான் வர வேண்டும்.

பற்றரி அடியோடு செத்திருந்தால் பெட்டி அதை அடையாளம் காணாமல், விளக்கு எரியாமல் நிற்கும். அதற்காகவே பல பெட்டிகளில் 'பூஸ்ட்' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்திய நேரத்தில் மாற்றிக் கௌவினாலும் தடுக்கும் பாதுகாப்பு வேலை செய்யாது. பிளஸ் எது மைனஸ் எது என்று இரண்டாம் தடவை பார்த்த பிறகே அதில் கை வையுங்கள். பற்றரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, வெடிப்பு விழுந்திருந்தாலோ, அழுகிய முட்டை மணம் வந்தாலோ அதற்கு எந்த வகையிலும் மின் கொடுக்கக் கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் கால் மணிநேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பணத்தை எந்த ஒழுங்கில் செலவழிப்பது என்று என்னைக் கேட்டால், முதல் வேலை கமராவின் வயரைத் திறப்போடு வேலை செய்யும் லைனுக்கு மாற்றுவது. காவல் வேண்டுமென்றால் 12.4 வோல்ட்டில் தானாக நிறுத்தும் கருவியோடு பூட்டச் சொல்லுங்கள். அதே நாளில் கார் நின்ற பிறகு எவ்வளவு மின் கசிகிறது என்பதையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கதவைப் பூட்டி அரை மணிநேரமாவது பொறுத்துத்தான் அதை அளக்க வேண்டும். அடுத்தது, தானாக நின்றுவிடும் 4 அம்பியர் சார்ஜர் ஒன்று. 35 அம்பியர்-மணி பற்றரிக்குப் பத்திலொரு பங்கான மூன்றரை, நான்கு அம்பியர்தான் உகந்த வேகம்; காற்றோட்டமான இடத்தில் இரவு போட்டால் காலையில் நிரம்பியிருக்கும். உங்களைப் போல வாரத்தில் ஒருநாள் ஓட்டுபவருக்கு ஜம்ப் ஸ்டார்ட்டரை விட இதுவே அதிகம் உதவும். சார்ஜ் ஏற்றிச் சோதித்த பிறகும் பற்றரி தேறவில்லை என்றால் மாற்றுங்கள், ஆனால் எழுத்துகளைக் கவனியுங்கள்: 19 என்பது சென்றிமீற்றரில் நீளம், கடைசியில் உள்ள 'எல்' பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது, அதற்குப் பதிலாக 'ஆர்' வாங்கினால் உங்கள் கார் வயர் எட்டாது. உற்பத்தித் திகதியையும் கேளுங்கள், கடைத் தட்டில் ஆறேழு மாதம் கிடந்த பற்றரி வேண்டாம்.

பற்றரி வயரைக் கழற்றி வைக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: கமராவைத் திருத்திய பிறகு வாராவாரம் கழற்றத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையோடு திரும்பாமல், மாதத்தில் இரண்டு தடவையாவது மட்டக்களப்பு நகர்வரை போய் வாருங்கள். வாசலில் நிறுத்தி இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிடுவது அதற்கு ஈடாகாது. பரீட்சைக் காலம் போல இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கார் நிற்கப் போகிறதென்றால் மட்டும், 10ஆம் இலக்க ஸ்பனரால் மைனஸ் முனையைக் கழற்றி, கிளம்பில் ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். அதற்குமுன் கதவு ஒன்றைச் சாவித் துவாரத்தால் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ரிமோட் வேலை செய்யாது. மீண்டும் பூட்டியதும் மணிக்கூட்டையும் ரேடியோவையும் தானியங்கிக் கண்ணாடிகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முதல் சில நிமிடங்கள் இயந்திரம் சற்று ஏற்ற இறக்கமாக ஓடினால் பயப்படத் தேவையில்லை, கம்பியூட்டர் தன் அளவுகளை மீண்டும் பழகிக்கொள்கிறது.